திறக்கச் சொன்னவரே நிரூபிக்க வேண்டும்



2020 செப்டம்பர் முதல் தேதியன்று தமிழ்நாட்டில் இரண்டு கதவுகள் ஒரே நாளில் அகலத் திறந்தன. ஒன்று, மார்ச் மாதம் முதல் ஜமாஅத் தொழுகையின்றிக் கிடந்த நம் பெரிய பள்ளிவாசல்களின் கதவு. மற்றொன்று, மே மாதம் முதல் பாதி ஊழியர்களோடு இயங்கிவந்த அரசு அலுவலகங்களின் கதவு. முதல் கதவைத் திறக்க நாம் எவ்வளவு தயங்கினோம் என்பதை ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், வேலூர் மஹல்லாக்களில் வாழ்வோர் அறிவர். உளூவை வீட்டிலேயே முடித்து வர வேண்டியிருந்தது. விரிப்பை அவரவர் கொண்டு வர வேண்டியிருந்தது. தோளோடு தோள் சேர வேண்டிய ஸஃப்பில் இடைவெளி விட வேண்டியிருந்தது. ஸலாம் சொல்லலாம், முஸாஃபஹா கூடாது என்றிருந்தது. 65 வயதைக் கடந்தோரும் நீரிழிவு, இதய நோய் போன்றவை உள்ளோரும் வீட்டிலேயே இருப்பது நலம் என்று வழிபாட்டுத் தலங்களுக்கான அரசின் நெறிமுறையே சொன்னது.

இரண்டாவது கதவுக்கு இந்தத் தயக்கம் எதுவும் இருக்கவில்லை. ஊழியர்கள் 100 விழுக்காடும் வர வேண்டும் என்று ஆணை பிறந்தது. நோய்த்தடுப்பு நெறிமுறைகளைப் பின்பற்ற வேண்டும் என்ற வழக்கமான வாசகம் அதனுடன் இருந்தது. ஆனால் பத்து மேசைகள் நெருக்கியடித்துக் கிடக்கும் ஓர் அறையில் பத்துப் பேரும் வந்து அமர்ந்த பிறகு எந்த நெறிமுறையை எங்கே பின்பற்றுவது? நீரிழிவு உள்ள ஒருவர் ஃபஜ்ருக்குப் பள்ளிக்கு வராமல் வீட்டில் தொழுதுகொள்ள முடிந்தது. அதே மனிதர் பத்து மணிக்கு வட்டாட்சியர் அலுவலகத்தின் முகப்பில், நூறு பேர் தொட்ட மனுக்களைக் கையில் வாங்கிக்கொண்டு அமர்ந்திருக்க வேண்டியிருந்தது. படைத்தவனின் வீட்டில் கிடைத்த சலுகை அவருக்கு அரசின் வீட்டில் கிடைக்கவில்லை.

எண்களைப் பாருங்கள். மே 18 அன்று, சனிக்கிழமையையும் வேலை நாளாக்கி, ஊழியர்களை இரு அணிகளாகப் பிரித்துச் சுழற்சி முறையில் அலுவலகங்கள் இயங்கத் தொடங்கின. அன்று தமிழ்நாட்டில் பதிவாகியிருந்த மொத்தத் தொற்று 12,000-ஐத் தொடவில்லை. முழு வருகைக்கு ஆணையிட்ட ஆகஸ்ட் இறுதியில் அது 4,20,000-ஐத் தாண்டிவிட்டது. மரணங்கள் 7,000-க்கு மேல். குணமடைந்தவர்களைக் கழித்துவிட்டாலும் 50,000-க்கும் மேற்பட்டோர் சிகிச்சையில் இருந்தார்கள். நாள்தோறும் ஏறத்தாழ 6,000 புதிய தொற்றுகள். நோய் சிறிதாக இருந்தபோது பாதிப் பேர் போதும் என்றவர்கள், அது பெரிதான பிறகு அனைவரும் வாருங்கள் என்றார்கள். இடையில் என்ன மாறியது? பொருளாதாரம் படுத்திருந்தது, அது உண்மை. அறைகள் பெரிதாகிவிடவில்லை.

அரசை மட்டும் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. நம் வீட்டுத் திண்ணையிலும் கடைவீதியிலும் கேட்கும் குரலுக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. "அரசு ஊழியருக்கென்ன, ஐந்து மாதம் வீட்டில் உட்கார்ந்து சம்பளம் வாங்கினார், இனியாவது வந்து வேலை பார்க்கட்டும்" என்கிறார்கள் நம்மவர்கள். பட்டா மாறுதல் நின்றுபோனவரும், வாரிசுச் சான்றிதழுக்கு அலைபவரும், பத்திரப் பதிவு தள்ளிப்போனவரும் இதைச் சொல்கிறார்கள். அவர்களுடைய எரிச்சல் பொய்யன்று. முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் கைம்பெண்ணுக்கு அலுவலகம் மூடிக்கிடப்பது உணவுப் பிரச்சினை. ஆகவே அலுவலகங்கள் மூடிக்கிடக்க வேண்டும் என்று யாரும் வாதாட முடியாது, நானும் வாதாடவில்லை. திறப்பதனால் வரும் கேட்டை யார் சுமப்பது, அது பாதுகாப்பானது என்று நிரூபிக்க வேண்டிய கடமை யாருடையது என்பதே கேள்வி.

இந்தக் கேள்விக்கு நம் மண்ணிலிருந்தே ஒரு பதில் எழுந்தது என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? பாலாற்றங்கரையில் டேனரிகள் கழிவுநீரைத் திறந்துவிட்டபடி இருந்த காலம். வேலூர் குடிமக்கள் நலமன்றம் என்ற அமைப்பு 1991-இல் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. வேலூர் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகாததாகிவிட்டது என்ற ஆய்வு நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்ததைத்தான் ஊரில் நெடுநாள் பேசினார்கள். அதைவிடப் பெரியது அந்தத் தீர்ப்பில் இருந்த ஒரு சட்டக் கொள்கை. கடுமையான கேடு வரக்கூடும் என்ற அச்சம் இருக்கும்போது, அறிவியல் இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை என்பதைக் காரணம் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. தன் செயல் தீங்கற்றது என்று நிரூபிக்க வேண்டிய பாரம் அச்செயலைச் செய்பவர் மீதே இருக்கிறது. பாதிக்கப்படுபவர் மீது இல்லை. முன்னெச்சரிக்கைக் கொள்கை என்று இன்று நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் இதைக் கற்பிக்கிறார்கள். பாடத்தின் தலைப்பிலேயே வேலூரின் பெயர் இருக்கிறது.

அன்று அந்தக் கொள்கை யாருக்கு எதிராகப் பயன்பட்டது என்பதும் நமக்குத் தெரியும். டேனரி முதலாளிகளில் பெரும் பகுதியினர் நம் சமுதாயத்தினர். "ஆற்றைக் கெடுத்தது நாங்கள்தான் என்று நிரூபியுங்கள்" என்று கேட்டவர்களும் அவர்களுள் இருந்தார்கள். நீதிமன்றம் அந்தக் கேள்வியையே திருப்பி வைத்தது: கெடுக்கவில்லை என்று நீங்கள் நிரூபியுங்கள். கசப்பான மருந்துதான். ஆனால் அதன் பிறகே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும் என்ற நெருக்கடி வந்தது. அந்த நெருக்கடி தளர்ந்த இடத்தில் என்ன நேர்ந்தது என்பதையும் கண்டோம். 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத்தொட்டிச் சுவர் இடிந்து, அருகிலிருந்த தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் மாண்டார்கள். அந்தச் சுவர் தாங்குமா என்று கேட்டுப் பார்க்கும் அதிகாரம் உறங்கியவர்களுக்கு இல்லை. அதை உறுதி செய்திருக்க வேண்டியவர்கள் வேறு எங்கோ இருந்தார்கள்.

முழு வருகை ஆணை இந்தக் கொள்கையைத் தலைகீழாக நிறுத்தியது. அறை பாதுகாப்பானது என்று அரசு நிரூபிக்கத் தேவையிருக்கவில்லை. தனக்கு நோய் இருக்கிறது என்று ஊழியர்தான் மருத்துவச் சான்றோடு நிரூபிக்க வேண்டியிருந்தது. தொற்று அலுவலகத்தில்தான் வந்தது என்பதை அவர் இறந்த பிறகு அவர் மனைவி நிரூபிக்க வேண்டியிருந்தது. சந்தையில் வாங்கிவந்திருக்கலாம், உறவினர் வீட்டில் வாங்கியிருக்கலாம் என்று எதிர்க்கேள்வி கேட்பது எளிது. பாலாற்று நீரில் இந்தத் துளி என் தொழிற்சாலையிலிருந்து வந்ததென்று காட்டு என்று கேட்ட அதே வாதம் அல்லவா இது? டேனரி முதலாளியிடம் செல்லாத வாதம் அரசாங்கத்திடம் மட்டும் எப்படிச் செல்லும்?

கண்ணுக்குத் தெரியாத காற்று கொல்லும் என்பதை நம் வட்டாரத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. கழிவுத்தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கிய இரண்டாமவரும் மூன்றாமவரும் விஷவாயுவில் மடிந்த செய்திகள் நமக்குப் பழகிப்போனவை. 2020 ஜூலையில் 239 அறிவியலாளர்கள் உலக சுகாதார நிறுவனத்துக்குத் திறந்த மடல் ஒன்றை எழுதினார்கள். கொரோனா கிருமி தும்மல் துளியில் மட்டுமின்றி, மூடிய அறையின் காற்றிலும் மிதந்து பரவக்கூடும் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றார்கள். அதற்கான சான்றுகள் வந்துகொண்டிருப்பதை அந்த நிறுவனமும் ஒப்புக்கொண்டது. வாசலில் நெற்றிக்கு நேரே ஒரு கருவியை நீட்டிக் காய்ச்சல் பார்ப்பதும், கையில் இரண்டு சொட்டு மருந்து விடுவதும் மட்டும் போதாது என்பதே இதன் பொருள். நம் தாலுகா அலுவலகங்களின் ஆவண அறையை நினைத்துப் பாருங்கள். கட்டுக்கட்டாகக் கோப்புகளை அடுக்கிச் சன்னலை மறைத்திருப்பார்கள். காற்று வரும் வழியில் பீரோ நிற்கும். அங்கேதான் வருகைப் பதிவேடு. ஒரே பேனாவைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள்.

இனி மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படும் வாதத்துக்கு வருகிறேன். "மவுத் எழுதியிருந்தால் வந்தே தீரும், தவக்குல் வைத்து வேலைக்குப் போகட்டும்" என்று சிலர் சொல்கிறார்கள். இதைப் பெரும்பாலும் சொல்பவர் வேலைக்குப் போக வேண்டியவர் அல்லர், அனுப்புபவர்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிப் புறப்பட்டு ஸர்ஃக் என்ற இடத்தை அடைந்தபோது, ஷாமில் கொள்ளை நோய் பரவியிருக்கும் செய்தி வந்தது. அவர்கள் முஹாஜிர்களை அழைத்து ஆலோசித்தார்கள். அன்ஸார்களை அழைத்து ஆலோசித்தார்கள். பின்னர் குறைஷியரின் மூத்தவர்களிடம் கேட்டார்கள். திரும்பிவிடுவது என்று முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டதும், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்துப்பட உமர் (ரலி) விடையளித்ததும் நம் மதரஸாப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அதன் பிறகுதான் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, கொள்ளை நோய் உள்ள ஊருக்குள் செல்லாதீர்கள், அது உள்ள ஊரிலிருந்து தப்பி ஓடாதீர்கள் என்ற நபிமொழியை அறிவித்தார்கள். அதாவது, ஹதீஸ் தம் செவிக்கு வரும் முன்பே முன்னெச்சரிக்கை என்ற முடிவுக்கு உமர் (ரலி) வந்திருந்தார்கள். அவர்கள் அன்று தனி மனிதரல்லர், ஆட்சித் தலைவர். தம்முடன் வந்தோரின் உயிர் தம் பொறுப்பு என்று கருதினார்கள்.

இதன் அடுத்த பகுதியை நம் பயான்களில் அவ்வளவாகக் கேட்பதில்லை. நம் பேச்சுக்கு அதுவே முதன்மையானது. ஹிஜ்ரி 18-இல் அம்வாஸ் கொள்ளை நோய் ஷாமைச் சூறையாடியபோது அபூ உபைதா (ரலி) அங்கே ஆளுநராகவும் படைத்தலைவராகவும் இருந்தார்கள். இன்றைய சொல்லில், அரசின் மூத்த அதிகாரி. உமர் (ரலி) அவரை மட்டும் மதீனாவுக்கு அழைத்து எழுதினார்கள். காரணத்தைப் புரிந்துகொண்ட அவர், தம் படையினரை விட்டுவிட்டு வர இயலாது என்று மறுமொழி எழுதினார். அதைப் படித்துக் கண்ணீர் விட்ட உமர் (ரலி) அடுத்த கடிதத்தில் இட்ட கட்டளை என்ன தெரியுமா? மக்களைத் தாழ்வான, ஈரம் படிந்த நிலத்திலிருந்து மேடான, நல்ல காற்றுள்ள நிலத்துக்குக் கொண்டு செல்லுங்கள் என்பது. அபூ உபைதாவும், அவருக்குப் பின் பொறுப்பேற்ற முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களும் அந்நோயிலேயே இறந்தார்கள். பின் வந்த அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) மக்களை மலைகளுக்குப் பிரித்தனுப்பினார்கள் என்று வரலாறு பதிவு செய்திருக்கிறது.

மேலதிகாரி தம் சிப்பாயை விட்டுத் தாம் மட்டும் தப்ப மறுத்தார். ஆட்சித் தலைவரோ, "பணியிடத்திலேயே இருங்கள், விதிப்படி நடக்கும்" என்று எழுதவில்லை. காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள் என்று எழுதினார். 1,400 ஆண்டுகளுக்கு முன்பு இவ்வளவு தெளிவாக இருந்த செய்தி, 2020-இல் ஓர் அரசாணையில் இல்லாமல் போவானேன்?

கொள்ளை நோயில் இறப்பவர் ஷஹீத் என்ற நற்செய்தியும் நமக்கு உண்டு. பறிகொடுத்த குடும்பத்துக்கு அது பெரும் ஆறுதல். ஆனால் அந்த நற்செய்தி இறந்தவருக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் உரியது. அவரை அனுப்பியவர் அதை எடுத்துக் கேடயமாகப் பிடிக்க முடியாது. கைக்குக் கீழ் உழைப்பவர்கள் உங்கள் சகோதரர்கள், அவர்களால் தாங்க முடியாததைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருப்பது வேலை வாங்குபவருக்குச் சொன்னது. அரசாங்கமும் வேலை வாங்குபவர்தான்.

அரசு வேலை என்றால் பாதுகாப்பான வேலை என்று நம் பெற்றோர் நினைக்கிறார்கள். 2007-இல் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு இட ஒதுக்கீடு வந்த பிறகு, தோல் தொழிலையும் பீடியையும் தவிர வேறு அறியாத பல குடும்பங்களிலிருந்து முதல் தலைமுறையாக ஒரு பிள்ளை அரசு அலுவலகத்துக்குள் நுழைந்தது. இளநிலை உதவியாளராக, கிராம நிர்வாக அலுவலராக, செவிலியராக, ஆசிரியராக. அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி உம்மாமார் பெருமைப்படுகிறார்கள். நல்லது. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. 2003 ஏப்ரல் 1-க்குப் பின் தமிழ்நாட்டில் அரசுப் பணியில் சேர்ந்தவர் எவருக்கும் 2020-இல் பழைய ஓய்வூதியம் இருக்கவில்லை. அப்போது இருந்தது பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்தான். அவர் பணியில் இறந்தால், முன்பு போல மனைவிக்கு மாதந்தோறும் வரும் குடும்ப ஓய்வூதியம் அன்று இருக்கவில்லை. 2019 சனவரியில் ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த முதன்மைக் கோரிக்கையே இந்தத் திட்டத்தை நீக்க வேண்டும் என்பதுதான். அப்போது நம்மில் பலர் அவர்களை ஏசினோம். இட ஒதுக்கீட்டில் உள்ளே போன நம் பிள்ளைகள் அத்தனை பேரும் 2003-க்குப் பின் சேர்ந்தவர்களே. அவர்கள் முகப்பில் அமர்ந்து நோயை வாங்கி இறந்தால், உம்மாவும் மனைவியும் கைக்குழந்தையும் மறுபடி ஷூ கம்பெனித் தையல் வரிசைக்கோ பீடித் தட்டுக்கோ திரும்ப வேண்டிய நிலைதான் அன்று இருந்தது.

தடுப்புப் பணியில் ஈடுபட்டு இறக்கும் அரசுப் பணியாளர் குடும்பத்துக்கு 50 லட்சம் ரூபாயும் ஒருவருக்கு அரசு வேலையும் வழங்கப்படும் என்று ஏப்ரலில் முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்கத்தக்க அறிவிப்பு. மருத்துவர், செவிலியர், தூய்மைப் பணியாளர், காவலர் அதில் அடங்கினார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் விரல் ரேகை எடுக்கும் எழுத்தர்? முதியோர் உதவித்தொகை மனு வாங்கும் உதவியாளர்? ஒப்பந்த நிறுவனம் மூலம் வந்து கழிவறை கழுவும் பெண்? தடுப்புப் பணி என்ற சொல்லுக்குள் இவர்களை நுழைப்பதற்கு எத்தனை நீதிமன்றப் படிகள் ஏற வேண்டியிருக்கும்? ஜூன் 17 அன்று முதலமைச்சர் அலுவலகத்தின் மூத்த தனிச்செயலரையே இந்நோய் கொண்டுபோனது. கோட்டைக்குள் இருந்தவருக்கே இல்லாத காப்பு, குடியாத்தம் தாலுகா அலுவலகத்துக் கூரையின் கீழ் இருப்பவருக்கு இருக்கும் என்று எண்ணுவது எப்படி?

ஓய்வு வயதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மே 7 அன்று அது 58-லிருந்து 59 ஆக்கப்பட்டது. ஊழியர்களில் பலர் மகிழ்ந்தார்கள். ஓராண்டுச் சம்பளம் கூடுதல். ஓய்வுக்காலப் பணப்பலன்களை உடனடியாகக் கொடுக்க வேண்டிய சுமை கருவூலத்துக்குத் தள்ளிப்போனது என்பதே என் மதிப்பீடு. எப்படியிருந்தாலும், முதியோரைத் தேடிப் பிடிக்கும் ஒரு நோய் ஊரில் உலவும் ஆண்டில், ஓய்வு பெற்றுப் பேரக்குழந்தைகளோடு வீட்டில் இருந்திருக்க வேண்டிய ஓர் அணியை முழுவதுமாகப் பணியில் நிறுத்தி வைத்தோம். குறைந்தபட்சம் அவர்களையாவது முகப்பு மேசையிலிருந்து விலக்கியிருக்க வேண்டாமா? மூத்த ஊழியர், கருவுற்றவர், நாட்பட்ட நோயுள்ளவர் ஆகியோரைப் பொதுமக்களோடு நேரடித் தொடர்புள்ள பணியில் அமர்த்தாதிருப்பதே விரும்பத்தக்கது, இயன்ற இடங்களில் வீட்டிலிருந்து பணியாற்றச் செய்யலாம் என்று ஜூன் 4 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் அலுவலகங்களுக்கு வெளியிட்ட நெறிமுறையே சொன்னது. அதைச் செயல்படுத்தத் தனிச் செலவுகூட இல்லை. மேசையை மாற்றினால் போதும்.

போக்குவரத்தில் நடந்த கூத்து தனி. ஒரே வேலூர் மாவட்டமாக இருந்தது 2019 நவம்பரில்தான் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரில் குடியிருந்து வேலூரில் வேலை பார்ப்பவரும், பேரணாம்பட்டில் இருந்து ஆம்பூருக்கு வருபவரும், வாலாஜாவிலிருந்து காட்பாடிக்குப் போகிறவரும் ஓரிரவில் மாவட்ட எல்லை தாண்டுபவர்கள் ஆகிவிட்டார்கள். செப்டம்பர் 1 முதல் அலுவலகத்துக்கு முழு வருகை. மாவட்டத்துக்குள் மட்டும் பேருந்து. மாவட்டங்களுக்கு இடையே பேருந்து ஓடத் தொடங்கியது 7-ஆம் தேதி. இடைப்பட்ட நாட்களில் ஷேர் ஆட்டோவில் எட்டுப் பேராக நெருங்கி அமர்ந்து போனவர் எத்தனை பேரோ! ஆணை எழுதிய கை ஒருமுறை வரைபடத்தை விரித்துப் பார்த்திருக்கலாம்.

அதிகாரிகள் மீது நம் மக்களுக்கு மனத்தாங்கல் இல்லையா என்றால், உண்டு. மார்ச் இறுதியில் டெல்லி நிஜாமுத்தீன் மாநாட்டுக்குச் சென்று வந்தோரின் பட்டியலோடு நம் தெருக்களுக்குள் அவர்கள் வந்தார்கள். குடியுரிமைப் போராட்டமும் மக்கள்தொகைப் பதிவேட்டின் அச்சமும் ஆறாத நாட்கள் அவை. எந்தத் தாளைக் கண்டாலும் நமக்கு நடுக்கம். நோயை ஒரு சமுதாயத்தின் பெயரோடு ஒட்டியவர்களை நாம் மறக்கவில்லை. மே மாதம் வாணியம்பாடி நகராட்சி ஆணையர் தெருவோரத் தள்ளுவண்டிகளைக் கவிழ்த்துப் பழங்களைச் சாலையில் கொட்டிய காட்சியை நாடே பார்த்தது. பின்னர் அவர் வருத்தம் தெரிவித்தார். இவையெல்லாம் இருக்கட்டும். வண்டியைக் கவிழ்த்தவர் உயர் அதிகாரி. தகரம் அடித்த தெருவுக்குள் அரிசியும் மாத்திரையும் கொண்டு வந்தவரும், வீடு வீடாகக் காய்ச்சல் கேட்டு வந்த அங்கன்வாடிப் பெண்ணும், நம் சாக்கடையை அள்ளியவரும் கடைநிலைப் பணியாளர்கள். முழு வருகை ஆணையின் பாரம் விழுந்தது மேலிருப்பவரின் தனி அறை மீது அன்று. முகப்பில் இருக்கும் இவர்கள் மீதுதான். மேலே இருப்பவர் மீதுள்ள கோபத்தைக் கீழே இருப்பவர் மேல் தீர்ப்பது நீதியாகாது.

தொழில் நடத்தும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. மே மாதம் முதல் எங்கள் ஷூ கம்பெனிகளும் டேனரிகளும் ஓடுகின்றன, எங்கள் தொழிலாளிகள் வருகிறார்கள், அரசு ஊழியர் மட்டும் என்ன தனிப்பிறவியா என்று நீங்கள் கேட்கிறீர்கள். கேள்வியை நேர்மையாக எடுத்துக்கொள்வோம். தையல் வரிசையில் பெண்கள் தோள் உரச அமர்ந்திருக்கும் கூடத்துக்கு நீங்கள் செய்த ஏற்பாடு என்ன? கம்பெனி வாகனத்தில் இருக்கைக்கு எத்தனை பேர்? காய்ச்சல் என்று ஒரு பெண் வீட்டில் தங்கினால் அன்றைய கூலி கிடைக்கிறதா, அல்லது பெயர் நீக்கப்படுகிறதா? நல்ல ஏற்பாடு செய்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய கூடங்களை அரசுக்கு முன்மாதிரியாகக் காட்டலாம். செய்யாதவர், தம் தொழிலாளி அடையும் துன்பத்தையே அளவுகோலாக்கி மற்றவரும் அதே துன்பத்தை அடையட்டும் என்று கேட்கிறார். மேலும், இந்த வட்டாரத்தில் அலுவலகமும் கம்பெனியும் தனித்தனி உலகங்கள் அல்ல. தாலுகா அலுவலகத்து எழுத்தர் மாலையில் திரும்பும் வீட்டில் அவர் தங்கை கம்பெனிக்குப் போகிறவள், வாப்பா டேனரி டிரம்முக்குப் பக்கத்தில் நிற்பவர், நன்னி பீடி சுற்றுபவர். ஆம்பூரின் சந்துகளில் ஒரே முற்றத்தைச் சுற்றி நான்கு குடும்பங்கள். அலுவலகத்தில் விழும் பொறி கம்பெனிக் கூடத்தில்தான் எரியும்.

நாம் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அரசை எதிர்பார்க்கத் தேவையில்லை. பள்ளிவாசல் திறந்துவிட்டது. படித்த இளைஞர் நால்வர் அஸ்ருக்கும் மஃரிபுக்கும் இடையில் பள்ளி முற்றத்தில், திறந்த வெளியில் அமர்ந்து மஹல்லாவாசிகளின் மனுக்களை, எம்மதத்தவர் கொண்டு வந்தாலும், வாங்கிச் சரிபார்த்து, இணைப்புகளை வைத்து, ஒரே ஆளிடம் கொடுத்தனுப்பினால் ஐம்பது பேர் தாலுகா அலுவலகத்தில் வரிசை நிற்க வேண்டியதில்லை. ஊரடங்கு நாட்களில் நிவாரணப் பொருட்களை வீடு வீடாகச் சேர்த்த பிள்ளைகளுக்கு இது பெரிய வேலையன்று. போகிறவர் முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே இறக்கிக்கொண்டு முகப்பில் தலையை நுழைத்துக் கத்தாதிருக்க வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

மூன்று மாவட்ட ஆட்சியர்களுக்கும் ஜமாஅத்துகள் சேர்ந்து ஒரு மனு கொடுக்க வேண்டும். பொதுமக்கள் வரும் அலுவலகங்களில் மே முதல் ஆகஸ்ட் வரை நடந்த சுழற்சி முறையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். மூன்றரை மாதம் அது நடக்கத்தான் செய்தது. ஜூன் 4 நெறிமுறையின்படி மூத்தவரையும் நோயுள்ளவரையும் முகப்பிலிருந்து மாற்ற வேண்டும். பணிக்கு வந்துகொண்டிருந்த காலத்தில் தொற்றி இறப்பவர் நிரந்தரப் பணியாளராயினும் ஒப்பந்தப் பணியாளராயினும், பணியில் இறந்தவராகவே கொள்ளப்பட வேண்டும்; இல்லை என்று மறுப்பதானால் அதற்கான சான்றை அரசுதான் காட்ட வேண்டும். ஒவ்வோர் அறையிலும் எத்தனை பேர் அமரலாம் என்று அளந்து, அலுவலகத் தலைவர் கையெழுத்திட்டு வாசலில் ஒட்ட வேண்டும். முத்தவல்லிமார் வரும் ஜும்ஆவுக்கு முன் கலந்து பேசிவிடுவது நல்லது.  மழை இறங்கிவிட்டால் சன்னலைத் திறந்து வைக்கவும் முடியாது, வரிசையை வெளியே மர நிழலில் நிறுத்தவும் முடியாது. மனு இந்த மாதமே போய்ச் சேர வேண்டும்.